‘கேட்கவில்லை’ என்று எழுதிய கைக்கு

பின்வரிசைப் பெஞ்சையே பீடமாக்கி முப்பத்திரண்டு ஆண்டுகள் வீற்றிருந்த பேராசிரியப் பெருந்தகையே! பயிற்சி ஆசிரியர்தம் பதற்றத்தைப் பக்குவமாக மாற்றித் தந்த பண்பாளரே! பச்சை அட்டைக் குறிப்பேட்டில் பத்து வரிக்குமேல் ஒருபோதும் எழுதாத பொருட்செறிவே! முதுநிலை ஆசிரியக் கல்வி வகுப்பின் கண்ணே, கருத்தே! இவற்றை அடுத்துக் ‘காதே’ என்று எழுதியிருந்த சொல்லை மட்டும் அடித்துவிட்டு, அடித்த காரணத்தையும் இந்த அவையிலேயே சொல்லத் துணிந்து, தங்கள் பணி நிறைவு நாளாகிய இன்று, துறையினர் அனைவரும் தங்கள் இடப்புறமாக நின்று, தங்கள் முகம் நோக்கி, நிறுத்தி நிதானமாக வாசித்தளிக்கும் மடல் இது.

இது இரண்டாம் மடல். முதல் மடல் இரு மாதங்களுக்கு முன்பே யாக்கப்பெற்று, பொன்னிறக் கரையிட்ட தாளில் அச்சிடப்பெற்று, கண்ணாடிச் சட்டத்துள் அடைக்கப்பெற்று, அலுவலக அலமாரியின் மேல்தட்டில் துணி போர்த்தி வைக்கப்பெற்றிருந்தது. அதன் மூன்றாம் பத்தி, “ஊசி விழும் ஓசையையும் கடைசி வரிசையிலிருந்தே கேட்டறிந்த நுண்செவிச் செல்வமே” என்று தங்களை விளித்தது. ஆண்டுகளும் பதவிகளும் சரிதானா என்று பார்த்துத் தரும்படி கடந்த திங்கட்கிழமை அதைத் தங்கள் அறைக்கு எடுத்து வந்தோம். ஆண்டுகள் சரியாக இருந்தன. பதவிகள் சரியாக இருந்தன. அந்த ஒரு வரிதான் தவறாக இருந்தது. அந்நொடி முதல் இத்துறை திகைத்து நிற்கிறது. ஐந்து நாள் ஆயிற்று; ஒலிபெருக்கியின் முன் நிற்கும் இந்நேரமும் அத்திகைப்பு நீங்கிற்று என்று சொல்வதற்கில்லை.

என்ன நேர்ந்தது என்பதை அவையோர் அறிய வேண்டுமாயின், நம் துறையில் ஒருவருடைய கதையை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். அவரே இம்மடலை எழுதியவரும் ஆவார். தொடக்கத்தில் அவர் ‘நான்’ என்றுதான் எழுதினார். “மடல் துறையோடது, உங்க சொந்தக் கடிதம் இல்ல” என்று அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மையார் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியமையால், இனி அவர் படர்க்கையிலேயே வருவார்.

பாடத்திட்டத்தின் பயனுணர்ந்த பேராசிரியரே!

அவரை அப்போது எல்லோரும் ஜெராக்ஸ் அண்ணன் என்றே அழைத்தார்கள். துறையின் படிக்கட்டுக்குக் கீழே, சன்னல் இல்லாத ஓர் அறையில், நகலெடுக்கும் இயந்திரத்தோடு பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். பயிற்சி மாணவர்கள் எழுதிவரும் பாடத்திட்டங்கள் யாவும் அவர் கை வழியாகவே போகும். இயந்திரம் சூடேறும் வரை சும்மா நிற்பானேன் என்று அவற்றைப் படிக்கத் தொடங்கியவர், நாளடைவில் படிப்பதற்காகவே இயந்திரத்தை மெல்லச் சூடேற்றலானார். ஒரே பாடத்திட்டம் தேதி மட்டும் மாறி மூன்று பெயர்களில் வருவதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவரே. அதைத் தங்களிடம் வந்து சொன்னபோது, கோள் சொல்லுகிறார் என்று எண்ணாமல், “மூணுல எது நல்லா இருக்கு?” என்று தாங்கள் கேட்டீர்கள். நன்றாக இருப்பது எது என்று தம்மை ஒருவர் கேட்டது அவருக்கு அதுவே முதல் முறை. அன்று மாலை அஞ்சல் வழிக் கல்விக்கான விண்ணப்பத்தை வாங்கினார். இளநிலைப் பட்டம் பெற்றார், நுழைவுத் தேர்வு எழுதினார், நாற்பத்து நான்காம் வயதில், தாம் பத்தொன்பது ஆண்டுகள் நகலெடுத்துத் தந்த அதே வகுப்பில் மாணவராக வந்து அமர்ந்தார்.

வீட்டில் இதை எவரும் மாலை போட்டு வரவேற்றார் அல்லர். “சூடா வர்ற பேப்பரப் பிடிச்ச கை, சாக்பீஸ் பிடிச்சா சளி பிடிக்கும்” என்றார் அவர் மனைவி. மைத்துனர் ஒருபடி மேலே போய், அத்தான் இனிமேல் வீட்டில் பேசுவதற்கும் இரண்டு பிரதி எடுத்துத் தருவார் என்று சொல்லிச் சிரித்தார். அவர் எதற்கும் அசையவில்லை. அசைய இடமுமில்லை: இரண்டாண்டு விடுப்பில் வந்திருந்தார், படிக்கட்டு அறையின் சாவியை வேறொருவர் வாங்கிக்கொண்டார், தேறினால் ஆசிரியர், தேறாவிட்டால் மீண்டும் அதே அறைக்குப் போய், தம்முடன் படித்துத் தேறியவர்கள் கொண்டுவரும் தாள்களை நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு காட்சியை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

ஒற்றைச் சொல்லால் உலுக்கியெழுப்பிய உரைகல்லே!

ஆசிரியக் கல்வியின் வழக்கத்தை அறியாதார் பொருட்டு இதைக் கூறுகிறோம். நம் வகுப்பில் சேர்வோர் அருகிலுள்ள பள்ளிக்குச் சென்று மெய்யான மாணவர் முன்னிலையில் பாடம் நடத்த வேண்டும். பேராசிரியர் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து நோக்குவார். தாங்கள் எப்போதும் கதவோரம், வலக்கோடியில் அமர்வீர்கள். யார் தாமதமாக வருகிறார்கள் என்று பார்க்கவே அங்கு அமர்கிறார் என்பது நாங்கள் கட்டிய கதை. பாடத்துக்கு ஒரு பக்கம் எழுதுவீர்கள். பக்கத்தின் அடியில் ஒற்றை வினைச்சொல் நிற்கும். ‘விரைந்தார்.’ ‘முடிக்கவில்லை.’ ‘சிரித்தார்கள்.’ யார் என்பது பெரும்பாலும் இராது. யாரைக் குறித்தது என்று பயிற்சி மாணவர்கள் தேநீர்க் கடை வாசலில் கூடிப் பொருள் விரிப்பார்கள்.

ஜெராக்ஸ் அண்ணனின் முதல் பாடம் எட்டாம் வகுப்புக்கு, நீர் ஆவியாதல் பற்றியது. அன்று காலை ஓய்வறையில் தாங்கள் அவரைப் பார்த்து, “வாங்க சார், பயப்படாதீங்க” என்றீர்கள். பத்தொன்பது ஆண்டுகள் ‘அண்ணன்’ என்றே கேட்டுப் பழகியவர், ‘சார்’ என்பது யாரையோ என்று தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். வகுப்புக்குள் போனவர் கரும்பலகையைத்தான் பார்த்தார். பாடத்திட்டத்தில் இடப்பக்கம் ஆசிரியர் கேட்க வேண்டிய வினா இருக்கும். வலப்பக்கம் மாணவரிடம் எதிர்பார்க்கும் விடை இருக்கும். அவர் இரண்டையும் படித்தார். “தரையில் சிந்திய நீர் எங்கே சென்றது? காற்றில் கலந்தது. நன்று.” வினாவும் அவரே, விடையும் அவரே, பாராட்டும் அவரே. மூன்றாம் பெஞ்சில் ஒரு சிறுமி இடையே எதையோ சொன்னாள். அது அவர் திட்டத்தில் இல்லாததால் கடந்து போனார்.

பக்கத்தின் அடியில் தாங்கள் எழுதியிருந்தீர்கள்: ‘கேட்கவில்லை.’ மதிப்பெண் கட்டம் காலியாக இருந்தது. காலி என்றால் பூச்சியம் என்பதே மாணவர் வழக்கில் இருந்த பொருள்.

வினாக் கேட்கவில்லை என்று தாங்கள் கூறுவதாக அவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர் சும்மா இருந்தாரா? அடுத்த பாடத்தில், நாற்பது நிமிடத்தில், ஐம்பத்து மூன்று வினாக்களைத் தொடுத்தார். ஒரு விடை முடியுமுன் அடுத்த வினா. மாணவர்கள் ஒரே குரலாக எதையெதையோ கத்தினார்கள். பாடம் முடிந்து வெளியே வந்ததும் உடன் பயின்ற கணக்கு ஆசிரியர், “ஏண்ணே, பாடம் நடத்துனீங்களா, விசாரணை நடத்துனீங்களா? ஒரு பையன் நான் எடுக்கல சார்னு அழுவான்னு பார்த்தேன்” என்றார்.

குறிப்பேட்டில் மறுபடியும் அதே சொல். இம்முறை அடிக்கோடு வேறு. கட்டமும் காலி.

ஐம்பத்து மூன்று வினாக் கேட்டவரைப் பார்த்துக் கேட்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? மூன்று கட்டம் காலியானால் அந்த ஆண்டே போயிற்று என்பது விதி. அவ்விரு பக்கங்களையும் தம் பழைய அறைக்கே கொண்டுபோய்த் தம் கையாலேயே நகலெடுத்து, வீட்டுக் கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு பித்துப் பிடித்தவர்போல் அமர்ந்திருந்தார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தார்.

“மூணு தடவ கூப்பிட்டேன். கேக்கல?”

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். குனிந்து தாளைப் பார்த்தார். கேட்டல் என்பது வினவுதல் மட்டுமா? மூன்றாம் பெஞ்சுச் சிறுமி ஏதோ சொன்னாளே, அவர் அதற்குச் செவி கொடுத்தாரா? “இன்னொரு தடவ சொல்லு” என்றார். “சோறு ஆறுது” என்றார் மனைவி. ஆறியே போயிற்று. அவர் இருந்த பாடத்திட்டத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்; அதில் ஒரே ஒரு வினா.

மூன்றாம் பாடத்துக்குத் தாங்கள் சொல்லாமல் வந்தீர்கள். பின்வரிசைக்குப் போகாமல், முதல் பெஞ்சின் வலக்கோடியில், மாணவிகளோடு மாணவியாக அமர்ந்தீர்கள். இதுவும் தங்கள் வழக்கம். கட்டம் காலியாக விட்ட பாடங்களுக்கெல்லாம் மறுபடி வந்து முன்வரிசையில் அமர்வீர்கள். தூக்குமேடைக்கு முன் கடைசிச் சோதனை என்று இதற்குப் பயிற்சி மாணவர்கள் பெயரிட்டிருந்தார்கள்.

அவர் குவளையிலிருந்து சிறிது நீரைத் தரையில் தெளித்தார். அது மறையும் வரை பேசவில்லை. பின் வகுப்பைப் பார்த்து நின்று, “தண்ணி எங்க போச்சு?” என்றார். விடை வரவில்லை. காத்திருந்தார். கைக்கடிகாரத்தின் நொடி முள் இரண்டு முறை சுற்றிவந்தது. மூன்றாம் பெஞ்சுச் சிறுமி எழுந்தாள்.

“எங்கேயும் போகல சார். இங்கதான் இருக்கு. நமக்குத்தான் தெரியல.”

அவர் அவள் சொன்னதை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல், வகுப்பு முழுவதையும் நோக்கி உரக்கத் திருப்பிச் சொன்னார். பின்னர் அதையே கரும்பலகையில் எழுதினார். அடுத்த விடையையும் அவ்வாறே. அடுத்ததையும். அன்றைய பக்கத்தின் அடியில் தாங்கள் எழுதியது: ‘கேட்டது.’ கட்டத்தில் மதிப்பெண் இருந்தது. நிறையவே இருந்தது.

இவ்விடத்தில் அவரைப் பற்றிய ஒரு மறைபொருளையும் வெளியிட வேண்டியிருக்கிறது. முதிர்ந்த வயதில் இலக்கணம் கற்றவருக்கு இலக்கணத்தின்மீது தனிப்பற்று உண்டு. ஆசிரியர் செவி கொடுத்தார் என்பது பொருளாயின் ‘கேட்டார்’ என்றல்லவா இருக்க வேண்டும்? உயர்திணைக்கு அஃறிணை விகுதி எங்ஙனம் வந்தது? பேராசிரியர் பிழை செய்துவிட்டார் என்று அவர் துணிந்தார். எவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தையும் ஒரு நகல் எடுத்து, ‘து’வைப் பென்சிலால் மெல்ல அடித்து, மேலே சிறிதாக ‘ார்’ என்று திருத்தி, முந்தைய இரண்டு நகல்களோடும் சேர்த்து உறையிலிட்டு வைத்துக்கொண்டார். இத்துறையில் தங்கள் பிழை ஒன்றைக் கண்டவர் தாம் ஒருவரே என்ற இறுமாப்பு பதினான்கு ஆண்டுகள் அவரை நிமிர்ந்து நடக்க வைத்தது.

ஒரு சொல்லிலிருந்து ஒரு நெறியைத் தோற்றுவித்த தோன்றலே!

அச்சொல்லை வைத்தே அவர் முதுநிலை ஆய்வேடு எழுதினார்; இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதிலிருந்தே துறையின் பயிற்சிக் கையேடு பிறந்தது. வினா ஒன்றைக் கேள், முகம் நோக்கி நில், காத்திரு, விடையை அவர்கள் சொன்னவாறே உரக்கச் சொல், கரும்பலகையில் எழுது. அவர் பயிற்சி விரிவுரையாளர் ஆனார். பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கிருந்து வெளியேறும் ஒவ்வோர் ஆசிரியரும் இவ்வைந்தையும் செய்துகாட்டாமல் பட்டம் பெற்றதில்லை. நம் மாணவர் பணியாற்றும் பள்ளிகளில், கடைசிப் பெஞ்சில் முணுமுணுக்கும் பிள்ளையின் விடையும் இன்று கரும்பலகைக்கு வந்து சேர்கிறது. இவை எல்லாம் தங்கள் நுண்செவியிலிருந்து பிறந்தவை என்று நாங்கள் நம்பினோம். சட்டமிட்டும் வைத்தோம்.

திங்கட்கிழமை, புத்தகப் பெட்டிகள் பாதி கட்டியிருந்த தங்கள் அறையில், அச்சட்டத்தைக் கையில் ஏந்தி மூன்றாம் பத்தியில் விரல் வைத்தீர்கள்.

“இந்த வரிய எடுத்துடுங்க.”

எழுத்துப் பிழையோ என்று கண்காணிப்பாளர் அம்மையார் கேட்டார்.

“எழுத்தெல்லாம் சரி. விஷயம்தான் பிழை. எனக்கு வலது காது சுத்தமா கேக்காது. பதினாலு வருஷம் ஆச்சு. இடது காதும் பாதிதான்.”

அறையில் யாரும் பேசவில்லை. அந்த அமைதி தங்களுக்குப் புதிதன்று என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தபோது ஒரு பக்கம் அடைத்தாற்போல் இருந்ததென்றும், குளித்த நீர் புகுந்திருக்கும் என்று ஒரு மாதம் எண்ணியிருந்ததாகவும், பிறகு மருத்துவர் சொன்னதை வீட்டாரன்றி எவரிடமும் சொல்லவில்லை என்றும் தாங்கள் விளக்கினீர்கள். சொன்னால் வகுப்பு நோக்கும் பணியை எடுத்துவிட்டு மேசைப் பணி கொடுத்துவிடுவார்கள் என்று அஞ்சினீர்களாம். “தப்புதான். ஆனா எனக்கு வகுப்புல உக்காரணும்” என்றீர்கள். அதன் சரிதவறு குறித்துத் தீர்ப்புரைக்க இம்மடல் வரவில்லை. எங்கள் திகைப்பை மட்டும் பதிவு செய்கிறோம்.

கண்காணிப்பாளர் அம்மையாருக்கு நாற்காலி தேவைப்பட்டது. நாள்தோறும் தங்கள் மேசையின் வலப்பக்கம் வந்து நின்று கோப்புகளை வைத்து வணக்கம் சொல்பவர் அவர். அப்படியானால் அந்த வணக்கங்கள் என்று அவர் இழுக்க, “உங்க நிழல் மேசை மேல விழும். தலைய ஆட்டுவேன். இதுவரைக்கும் எதுக்காவது தப்பா ஆட்டியிருக்கேனா?” என்று கேட்டீர்கள். ஒருமுறை விடுப்புக் கேட்டபோது ஆட்டியதாகவும், அதனால் மூன்று நாள் கிடைத்ததாகவும் அம்மையார் ஒப்புக்கொண்டார்.

பேச்சரவம் கேட்டு ஆய்வுமுறையியல் பேராசிரியர் உள்ளே வந்தார். துறைக் கூட்டங்களில் பதினோரு ஆண்டுகள் தங்கள் வலப்புறம் அமர்ந்து, தங்கள் முன்மொழிவுகள் அனைத்தையும் எதிர்த்துப் பேசியவர். தங்கள் மௌனத்தைப் பொறுமை என்று வியந்து ஒரு கட்டுரையே எழுதியவர். செய்தி அறிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“அப்ப நான் பேசுனது ஒண்ணுமே கேக்கலையா?”

“கைய ஆட்டுறது தெரியும் சார். அனேகமா வேணாம்னுதான சொல்லியிருப்பீங்க?”

அவரும் சிரித்தார் என்று எழுதினால் பொய்யாகும். மறுநாள்தான் சிரித்தார்.

இவற்றிடையே ஜெராக்ஸ் அண்ணன் தம் அறைக்குப் போய், பதினான்கு ஆண்டுகளாகக் காத்த உறையைக் கொண்டுவந்தார். முதல் இரு தாள்களையும் தங்கள் முன் வைத்தார்.

“இதுல எழுவாய் யாரு மேடம்? யாரு கேக்கல?”

தாங்கள் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தீர்கள்.

“எனக்கு. எனக்குத்தான் கேக்கல சார். நீங்க போர்டப் பாத்துப் பேசினீங்க, ஒண்ணும் புரியல. அடுத்த தடவ பசங்க கத்துனதுல அதுவும் புரியல. கேக்காததுக்கு எப்படி மார்க் போடுறது? அதான் காலியா விட்டேன். மறுபடி வந்து பார்த்தேன்.”

கட்டத்தைக் காலியாக விட்டது கண்டிப்பு அன்று, நேர்மை. முன்வரிசைக்கு வந்தது கடைசிச் சோதனை அன்று, கேட்பதற்கான முயற்சி. எவருக்கும் அதனால் ஓர் ஆண்டும் போகவில்லை என்பதை அன்று மாலையே பழைய பதிவேடுகள் அனைத்தையும் புரட்டி உறுதி செய்துகொண்டோம். காலியாக இருந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் அடுத்த வாரமே ஒரு மறுபார்வை இருந்தது. ஆனால் எத்தனை பேர் எத்தனை வாரம் உறங்காதிருந்தார்கள் என்பதற்குப் பதிவேடு இல்லை. அதற்காகத் தாங்கள் ஜெராக்ஸ் அண்ணனிடம் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டீர்கள்.

அவருக்கு அம்மன்னிப்புக் காதில் ஏறவே இல்லை. புத்தகப் பெட்டி ஒன்றின்மேல் அமர்ந்துவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரு கையேடு, ஐந்து நெறி, பன்னிரண்டு ஆண்டு மாணவர்கள். எல்லாம் எழுதப்படாத பொருளொன்றின்மேல் எழுப்பிய மாடம். படிக்கட்டு அறைக்கு மீண்டும் அனுப்பப்பட்டவர்போல் இருந்தார்.

“அப்ப என் ஆராய்ச்சி தப்பா மேடம்?”

கையேட்டில் உள்ளவாறு காத்திருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “நான் எழுதினது என் காதப் பத்தி. நீங்க படிச்சது அந்தப் பொண்ணப் பத்தி. நீங்க படிச்சதுதான் வகுப்புக்கு உதவுச்சு. அதுக்கப்புறம் வந்த பசங்க எல்லாரும் விடையத் திருப்பிச் சொன்னாங்க, போர்டுல எழுதினாங்க. எனக்குக் கேட்டுச்சு. இல்லேன்னா பதினாலு வருஷம் நான் எப்படி உக்காந்திருப்பேன்னு நெனைக்கிறீங்க?”

இதைக் கேட்டபோதுதான் நாங்கள் உண்மையில் திகைத்தோம். தங்கள் செவியின் குறைவு எங்களைத் திகைக்க வைத்தது கொஞ்சமே. மாணவர் நலனுக்கென்று எண்ணி நாங்கள் கடைப்பிடித்த நெறி, பின்வரிசையில் இருந்த தங்களையே இத்தனை ஆண்டும் வகுப்புக்குள் இருத்தி வைத்திருந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவரும் அதை அறிந்திலர்.

இனி மூன்றாம் தாள். அதை அவர் உறையிலேயே விட்டிருக்கலாம். தாங்கள் கை நீட்டினீர்கள். ‘கேட்டது’ என்பதன் ‘து’வின்மேல் பதினான்கு ஆண்டுப் பென்சில் கோடு ஒன்று கிடந்தது.

“யாரு திருத்தினது?”

பயிற்சி விரிவுரையாளர் பள்ளிச் சிறுவன்போல் எழுந்து நின்றார். ‘கேட்டார்’ என்று இருக்க வேண்டும், விகுதிப் பிழை என்று எண்ணியதாகச் சொன்னார்.

“பிழை இல்ல சார்” என்றீர்கள். “அன்னைக்கு அந்தப் பொண்ணு சொன்னது, நீங்க திருப்பிச் சொன்னப்ப, எனக்குக் கேட்டது. காய்ச்சலுக்கு அப்புறம் வகுப்புல ஒரு பிள்ளையோட பதில் முழுசா கேட்டது அதுதான் முதல் தடவ. ‘இங்கதான் இருக்கு, நமக்குத்தான் தெரியல’ன்னு சொன்னா. அத வீட்டுக்குப் போற வரைக்கும் சொல்லிக்கிட்டே போனேன்.”

அவர் தங்கள் மேசையிலிருந்தே அழிப்பானை எடுத்து அக்கோட்டை அழித்தார். பழைய பென்சில், எளிதில் போகவில்லை. நெடுநேரம் தேய்த்தார். கோடு போயிற்று. ‘து’ நின்றது.

புறப்படும்போது, மடலை மாற்றி எழுத வேண்டாம், அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டால் போதும், இது இந்த அறைக்குள் இருக்கட்டும் என்று நாங்கள் வேண்டினோம். தங்கள் நற்பெயர் மாசுறாமல் விடைபெற வேண்டும் என்பது எங்கள் கவலை. “வாசிக்கிறதா இருந்தா இதையும் சேர்த்து வாசிங்க. இல்லேன்னா எனக்கு மடலே வேணாம்” என்றீர்கள். கட்டத்தைக் காலியாக விட்ட அதே கை, அதே நேர்மை. ஆகவே வாசித்துவிட்டோம்.

ஒலி குறைந்த உலகிலும் ஒரு பிள்ளையின் விடையைத் தேடிச் சென்ற ஒப்பற்றவரே!

இனி காலை மணியடிக்குமுன் ஓட வேண்டாம். கதவோரப் பெஞ்சுக்காக முந்திச் செல்ல வேண்டாம். எவர் எப்பக்கம் அமர்கிறார் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அடுத்த வாரம் செவிக்கருவி பொருத்திக்கொள்ளப் போவதாகவும், இனி நாங்கள் முணுமுணுப்பதும் கேட்கும், எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் தாங்கள் கூறியிருப்பதை ஆய்வுமுறையியல் பேராசிரியர் சிறப்பாகக் குறித்துக்கொண்டுள்ளார். தங்கள் இடச்செவி உள்ள அளவும் குன்றாது நிலைக்கவும், கருவியின் துணையால் வலச்செவி விட்ட பதினான்கு ஆண்டுகளின் ஓசையையும் எட்டிப் பிடிக்கவும், இல்லத்தில் அனைவரும் தங்கள் முகம் நோக்கி, முடித்து, நிறுத்திப் பேசவும், உடல் நலமும் உள நிறைவும் ஒன்றையொன்று கைப்பிடித்து நெடுங்காலம் தங்களோடு நடக்கவும் நெஞ்சார வாழ்த்துகிறோம்.

மடல் என்பது வாசித்து முடிந்ததும் சட்டத்துள் அடைத்துக் கண்ணாடியிட்டுக் கொடுப்பது மரபு. இம்மடலுக்குக் கண்ணாடி இன்னும் இடவில்லை. தங்கள் பச்சைக் குறிப்பேட்டில் உள்ளவாறே, இதன் அடியிலும் ஒரு வரி காலியாக விடப்பட்டுள்ளது. பேனாவை ஜெராக்ஸ் அண்ணன் வைத்திருக்கிறார். தாங்கள் ஒற்றைச் சொல் எழுதித் தர வேண்டும். எழுவாய் வேண்டியதில்லை, எங்களுக்குத் தெரியும். ‘கேட்டது’ என்று எழுதினால் கண்ணாடி இடுவோம். ‘கேட்கவில்லை’ என்று எழுதினால், ஒரு சொல்லையும் திருத்தாமல், முன்வரிசைக்கு இறங்கி வந்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிப்போம்.

தங்கள் இடப்புறம் நிற்கும்,
முதுநிலை ஆசிரியக் கல்வித் துறையினர்

நோக்குநர் குறிப்பு: ______________________